கித்தார் வித்துவான் ஜெரி கார்ஸியா

காலஞ்சென்ற ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்குஞ் சாதனங்கள் சிலவே. அவர் எழுதிய கடிதங்கள், இயற்றிய நூல்கள், நேரில் அறிந்தோர் கூறுஞ் செய்திகள் என்னும் இவற்றைக் கொண்டே அவருடைய உருவத்தை நாம் சமைத்துக்கொள்கின்றோம். இச்சாதனங்களில் ஒரு குறை உண்டு. நூலாசிரியர் பிழைபட்டவற்றை அடித்துத் திருத்திய பின்னரே வெளியிடுவர். நண்பரோ குற்றத்தை மறைத்துக் குணத்தையே பாராட்டுவர். ஆதலின் ஒரு மனிதரின் சிறந்த நாட்கள் நமக்குக் கிடைக்கின்றனவேயன்றி எல்லா நாட்களும் கிடைப்பதில்லை.

இதற்கு விலக்காக வாழ்ந்த ஒருவரைப் பற்றி ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியாவிற் பிறந்து, முப்பது ஆண்டுகள் ஒரே இசைக்குழுவில் கித்தார் வாசித்துப் பாடி, 1995-ஆம் ஆண்டில் மறைந்த ஜெரி கார்ஸியா என்பவரே அவர். அவர் குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஒலிநாடாக்களிற் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவர் சிறப்புற வாசித்த இரவும், தடுமாறித் தவித்த இரவும் ஒருங்கே நம் செவிக்கு எட்டுகின்றன. அவர் பாடிய ஒரே பாட்டை அவருடைய இருபத்தாறாம் வயதிலும், முப்பதாம் வயதிலும், ஐம்பதைக் கடந்த பின்னரும் எடுத்து ஒப்பிட்டுக் கேட்போர்க்கு, அவர் சரிதம் எழுதாமலே எழுதப்பட்டுக் கிடக்கின்றது.

பிறப்பும் இளமையும்

கார்ஸியா 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஹோஸே கார்ஸியா ஸ்பெயின் தேசத்துக் கலீஸியா நாட்டினின்றும் வந்து குடியேறியவர். வாத்தியக் குழுக்களில் துளைக்கருவி வாசித்தவர். பின்னர் அத்தொழிலை விட்டுத் துறைமுகத்தை அடுத்து ஒரு மதுச்சாலை வைத்துப் பிழைத்தவர். தாயார் ரூத் பியானோ வாசிக்க வல்லவர். நாடகப் பாடல்களுக்கு மெட்டமைத்துப் புகழ்பெற்ற ஜெரோம் கெர்ன் என்பாரின் பெயரைப் பெற்றோர் தம் இளைய மைந்தனுக்கு இட்டனர். அப்பெயரே ஜெரி எனக் குறுகிற்று.

நான்கு ஐந்து வயதிற்குள் இரண்டு துன்பங்கள் அச்சிறுவனை வந்து அடைந்தன. தமையனார் விறகு பிளக்கையில் உடனிருந்து விறகைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுவனின் வலக்கை நடுவிரல் கோடரிக்கு இலக்காயிற்று. விரலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட, அடித்துண்டே எஞ்சிற்று. 1947-இல் மீன்பிடிக்கச் சென்ற தந்தையார் ஆற்றில் மூழ்கி மாண்டார். மதுச்சாலையை நடத்தும் பாரம் தாயார் மேல் விழுந்ததனால், சிறுவன் சில ஆண்டுகள் தாய்வழிப் பாட்டனார் பாட்டியார் இல்லத்தில் வளர்ந்தான். தந்திகளை மீட்டவேண்டிய கையிலேயே ஒரு விரல் குறைந்த ஒருவர், தம் தேசத்தின் தலைசிறந்த கித்தார் வித்துவான்களுள் ஒருவராய் எண்ணப்படும் நிலையை எய்தினார் என்பது நினைக்குந்தோறும் வியப்பைத் தருவதாகும்.

பதினைந்தாம் பிறந்தநாளில் தாயார் அவருக்கு ஓர் அக்கார்டியன் பெட்டியைப் பரிசாக அளித்தார். மகனுக்கு அது பிடிக்கவில்லை. அதனைக் கொடுத்து ஒரு மின்சாரக் கித்தாரை மாற்றாகப் பெற்றுக்கொண்டார். ஓவியப் பள்ளியிலும் சில காலம் பயின்றார். 1960-இல் இராணுவத்திற் சேர்ந்தார். ஆயின் கட்டுப்பாட்டிற்கு அடங்காமையால் அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே விலக்கப்பட்டார். 1961-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரும் நண்பர் சிலரும் சென்ற மோட்டார் வண்டி பாலோ ஆல்ட்டோ ஊருக்கு அருகிற் கவிழ்ந்து நொறுங்கியது. கார்ஸியா வெளியே வீசி எறியப்பட்டு உயிர் தப்பினார். உடன்சென்ற இளைஞர் ஒருவர் மாண்டார். இலக்கின்றித் திரிந்த தமக்கு வாழ்வு மெய்யாகத் தொடங்கியது அன்றுதான் என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அது முதல் இசைப்பயிற்சி இடைவிடாது நடந்தது. அமெரிக்க மலைநாட்டு மக்களின் நாட்டிசையாகிய புளூகிராஸ் என்பதில் ஈடுபட்டுப் பாஞ்சோ என்னும் தந்திக்கருவியை அல்லும் பகலும் பழகினார். ஓர் இசைக்கருவிக் கடையில் மாணவர்க்குக் கித்தார் கற்பித்துச் சிறிது பொருள் ஈட்டினார். 1964-இல் நண்பர் ஒருவருடன் மோட்டாரில் ஏறி, கிழக்குத் திசைக்கு நெடுந்தூரம் பிரயாணஞ்செய்து, ஆங்காங்கு நடைபெற்ற புளூகிராஸ் கச்சேரிகளைத் தாம் கொண்டுசென்ற ஒலிப்பதிவுக் கருவியிற் பிடித்துக்கொண்டு மீண்டார். பின்னாளில் பிறர் தம் கச்சேரிகளைப் பதிவு செய்ய வந்தபோது அவர் தடுக்காமைக்குக் காரணம் இவ்விளமைப் பிரயாணத்திலேயே இருக்கின்றது. பிறர் இசையை நாடாவிற் பிடிக்க அலைந்தவரன்றோ அவர்?

குழுவின் தோற்றம்

1965-இல் கார்ஸியாவும், பாப் வியர், ரான் மக்கெர்னன், பில் கிராய்ட்ஸ்மன், பில் லெஷ் என்போரும் சேர்ந்து ஒரு மின்சார இசைக்குழுவை அமைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் அதற்குக் கிரேட்புல் டெட் என்னும் பெயர் வந்தது. நன்றி மறவாத இறந்தோர் என்பது அதன் பொருள். ஓர் அகராதியைப் புரட்டுகையில் கார்ஸியாவின் கண்ணிற் பட்ட சொற்றொடர் அது. அடக்கஞ் செய்வாரற்றுக் கிடந்த அயலான் ஒருவனின் பிணத்தைத் தன் பொருளைச் செலவிட்டு அடக்கஞ் செய்தவனுக்கு, அவ்விறந்தவனே பின்னர் வந்து துணைபுரிந்ததாகப் பல நாடுகளில் வழங்கும் பழங்கதையை அது குறிக்கும். தோபித்து நூலிலும் இக்கதையின் சாயல் உண்டென்பர் ஆராய்ச்சியாளர்.

கவிஞர் ராபர்ட் ஹண்ட்டர் பாட்டெழுத, கார்ஸியா மெட்டமைத்தார். இக்குழுவின் இசைமுறை எத்தகையது என்று நம்மவர்க்கு விளக்குதல் கடினமன்று. நம் வித்துவான்கள் கீர்த்தனையின் ஓரடியை எடுத்து நிரவல் செய்து, கற்பனை ஸ்வரம் பாடி, பல்லவிக்கு மீள்வதை நாம் அறிவோம். அவர்களும் அவ்வாறே ஒரு பாட்டைப் பாடத் தொடங்கி, இடையில் அதனை விட்டு அகன்று, நெடுநேரம் கற்பனையால் வாசித்து, மீண்டும் பாட்டிற்கு வந்து சேர்வர். வேற்றுமை யாதெனின், அங்கே ஒருவர் முன்செல்லப் பிறர் பின்செல்வதில்லை. எல்லோரும் ஒரே வேளையில் கற்பனை செய்வர். எனவே எந்த இரவு எவ்வாறு முடியும் என்பது வாசிப்போர்க்கும் முன்னரே தெரியாது.

ஒரு பாட்டின் வாழ்வு

டார்க் ஸ்டார் என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். இருண்ட விண்மீன் என்பது அதன் பொருள். 1968-இல் இது சிறிய இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிஷத்திற்கும் குறைவாகவே இருந்தது. 1969 பிப்ரவரி 27-ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள பில்மோர் வெஸ்ட் அரங்கில் அதனை அவர்கள் ஏறத்தாழ 23 நிமிஷம் வாசித்தனர். அப்பதிவு அவ்வாண்டிலேயே இசைத்தட்டாக வெளிவந்தது. இரு டிரம் வித்துவான்களும், ஆர்கன் பெட்டியும், லெஷின் கனத்த தந்தியோசையும் சேர்ந்து பின்னிய அடர்ந்த காட்டினூடே, கார்ஸியாவின் கித்தார் மின்மினிபோற் செல்வதை அதிற் கேட்கின்றோம். வயது இருபத்தாறு; அச்சம் என்பதே அறியாத வாசிப்பு.

1972 ஆகஸ்டு 27-ஆம் நாள், ஆரிகன் மாகாணத்து வெனீட்டா என்னும் ஊரில், நலிந்திருந்த ஒரு பால்பண்ணைக்கு உதவும் பொருட்டுக் கொளுத்தும் வெயிலில் நடந்த கச்சேரியில் அதே பாட்டு அரைமணி நேரம் ஓடிற்று. இதற்குள் டிரம் வாசிப்போர் ஒருவராகக் குறைந்திருந்தார். ஆர்கன் வாசித்தவர் விலகிவிட்டார். கீத் காட்ஷோ என்பாரின் பியானோ வந்து சேர்ந்திருந்தது. ஆதலால் காடு நீங்கி வெளி தோன்றுகின்றது. கார்ஸியா ஒரு ஸ்வரத்தை விட்டு மறு ஸ்வரத்திற்குச் செல்லுமுன் பிறர் கூறுவதைக் காத்திருந்து கேட்கின்றார். அவ்வாண்டு வசந்தத்தில் ஐரோப்பாவில் அவர்கள் செய்த 22 கச்சேரிகளும் முழுமையாகப் பதிவாயின. அவற்றுள் ராட்டர்டாம் நகரில் மே 11-ஆம் நாள் இப்பாட்டு முக்கால் மணிக்கும் மேல் நீண்டது.

1974-இல் அறுநூறு அளவிலான ஒலிபெருக்கிகளைச் சுவர்போல் அடுக்கி வாசித்தனர். அதன் செலவும் பாரமும் தாங்காமல் அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு கொண்டு, 1976-இல்தான் முறையாக யாத்திரைக்கு மீண்டனர். அதன்பின் டார்க் ஸ்டார் பல்லாண்டுகள் மிக அரிதாகவே வாசிக்கப்பட்டது. 1989 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் அதனை மீண்டும் தொடங்கியபோது, சபையோர் எழுப்பிய ஆரவாரம் நாடாவில் இடிபோல் ஒலிக்கின்றது. அப்போது கார்ஸியாவின் கித்தார் மின்னணுக் கருவியொன்றுடன் இணைக்கப்பட்டுப் புல்லாங்குழல்போலவும் எக்காளம்போலவும் ஒலித்தது. 1969-இல் கித்தாரின் எல்லைக்குள் நின்று விண்ணைத் தேடினவர், இருபதாண்டு கழித்து அவ்வெல்லையையே கடக்க முயல்கின்றார்.

மற்றொரு பாட்டு இன்னுந் தெளிவான பாடம் தரும். சட்டத்திற்குத் தப்பி ஓடும் ஒருவனைப் பற்றிய பிரெண்ட் ஆப் தி டெவில் என்பது 1970-இல் வெளிவந்தபோது குதிரையோட்டம்போல் விரைந்து சென்றது. 1970-களின் நடுப்பகுதிக்குப் பின் அதே பாட்டை அவர்கள் மிக மெதுவாகப் பாடலாயினர். சொற்கள் மாறவில்லை. ஆயினும், முன்னதில் ஓடுபவன் பிடிபடமாட்டான் என்று நம்புகின்றோம்; பின்னதிலோ அவன் களைத்துவிட்டான் என்று உணர்கின்றோம்.

நாடாக்களின் கதை

இவையெல்லாம் நமக்குக் கிடைத்த வரலாற்றையும் சிறிது கூறுதல் வேண்டும். தொடக்க காலத்தில் ஓஸ்லி ஸ்டான்லி என்பார், தம் ஒலியமைப்பின் குறைகளைப் பின்னர்க் கேட்டுத் திருத்தும் பொருட்டுக் கச்சேரிகளைப் பதிவு செய்தார். 1970-களில் பெட்டி காண்ட்டர்-ஜாக்ஸன் என்னும் அம்மையார் செய்த பதிவுகள் தெளிவிலும் இனிமையிலும் ஒப்பற்றவை. நியூயார்க் மாகாணத்துக் கார்னெல் சர்வகலாசாலையில் 1977 மே 8-ஆம் நாள் நடந்த கச்சேரி அவர் பதிவினாலேயே புகழ்பெற்றது. அணுகுண்டுப் போரின் பின் உலகம் பாழாய்க் கிடப்பதைப் பாடும் மார்னிங் டியூ என்னும் பாட்டின் முடிவில் கார்ஸியா எழுப்பும் ஓசை உள்ளத்தை உலுக்குவது. அப்பதிவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கத்தக்க தேசியப் பதிவுகளின் 2011-ஆம் ஆண்டு வரிசையிற் சேர்த்தது. அவ்வம்மையாரின் நாடாக்களோ, வைத்திருந்த கிடங்கிற்கு வாடகை செலுத்தாமையால் 1986-இல் ஏலத்தில் விடப்பட்டு, அந்நியர் கைக்குப் போய், அவர்கள் வழியாகவே உலகிற் பரவின.

இவையன்றிச் சபையில் அமர்ந்து, நீண்ட கழிகளில் ஒலிவாங்கிகளை நிறுத்தித் தாமே பதிவு செய்த ரசிகர் எண்ணிறந்தோர். 1984 அக்டோபரில் குழுவினர் அவர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கினர். விற்றுப் பொருள் ஈட்டலாகாது; ஒருவர்க்கொருவர் பிரதி செய்து கொடுத்துக்கொள்ளலாம் என்பதே விதி. வாசித்து முடித்த இசை கேட்டவரைச் சேர்ந்தது என்பது கார்ஸியாவின் கொள்கை. வெற்று நாடாவையும் தபாற் செலவையும் அனுப்பினால், முன்பின் அறியாதவர்க்கும் பிரதி செய்து அனுப்பும் வழக்கம் ரசிகரிடையே வேரூன்றிற்று.

ஒப்பிடுவோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடமும் இதுவே. மேடைக் கருவிகளினின்று நேரே எடுத்த பதிவிற் குரல் துலங்கும்; சபையின் மூச்சு கேளாது. சபையினின்று எடுத்த பதிவில் அரங்கின் முழக்கமும் மக்களின் மகிழ்ச்சியும் உண்டு, நுட்பம் மங்கும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். நாடா ஓடும் வேகம் சிறிது பிசகினும் சுருதியும் காலமும் மாறிவிடும். 1977-ஆம் ஆண்டே அவருடைய பொற்காலம் என்பார் பலர். அவ்வாண்டு வாசிப்புச் சிறந்தது மெய்யே; நல்ல பதிவுகள் அவ்வாண்டிலிருந்து மிகுதியாகக் கிடைத்தமையும் அப்புகழுக்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. கண்ணாடி தெளிவாயிருந்ததனால் முகமே அன்றுதான் அழகாயிருந்தது என்று முடிவு செய்வது சரியன்று.

வீழ்ச்சியும் மீட்சியும்

இனிக் கூறவேண்டுவது துன்பமான பகுதி. மறைப்போமாயின் நாம் தொடக்கத்திற் குறைகூறிய நண்பரின் குற்றத்தையே செய்தவராவோம். குழு தோன்றிய காலத்திலேயே மயக்க மருந்துகள் அதனைச் சூழ்ந்திருந்தன. மிகுகுடியால் உடல்நலிந்த மக்கெர்னன் 1973-இல் இருபத்தேழாம் வயதில் மாண்டார். 1970-களின் பிற்பகுதியில் கார்ஸியா ஹெராயின் என்னும் கொடிய மருந்திற்கு அடிமையானார். 1980-களின் நடுவில் எடுக்கப்பட்ட நாடாக்களைக் கேட்போர்க்கு இதனை யாரும் சொல்ல வேண்டுவதில்லை. குரல் கரகரத்து ஒடுங்குகின்றது; பாட்டின் அடிகள் மறந்துபோகின்றன. 1985 ஜனவரியில் மருந்து வைத்திருந்ததற்காகப் போலீஸாராற் பிடிக்கப்பட்டார். 1986 ஜூலையில் நீரிழிவு நோய் முற்றி, உணர்விழந்து சில நாட்கள் மரணத்தின் வாயிலிற் கிடந்தார்.

கண்விழித்தபோது கித்தார் வாசிக்கும் வித்தையே அவரை விட்டு அகன்றிருந்தது. மெர்ல் ஸாண்டர்ஸ் என்னும் பழைய நண்பர் நாள்தோறும் உடனிருந்து, குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் மீண்டும் கற்பித்தார். டிசம்பர் 15-ஆம் நாள் ஓக்லண்ட் நகரில் கார்ஸியா மேடையேறி, எவ்வாறேனும் பிழைத்திருப்போம் என்னுங் கருத்துடைய டச் ஆப் கிரே என்னும் பாட்டை முதலிற் பாடினார். நான்காண்டுகளாகப் பாடிவந்த பாட்டே. எனினும் அவ்விரவின் பதிவில் அதன் சொற்கள் முதன்முறையாகப் பொருள் பெறுகின்றன. மறு ஆண்டு அது இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்காவின் விற்பனை வரிசையில் 9-ஆம் இடத்தை எட்டிற்று. இருபதாண்டுகளில் அவர்கள் காணாத வெற்றி அது.

வெற்றி நன்மையையே தந்ததென்று கூறுவதற்கில்லை. அரங்குகள் போதாமல் பெரிய விளையாட்டு மைதானங்களில் வாசிக்க நேர்ந்தது. குழுவை நம்பிப் பல குடும்பங்கள் பிழைத்தமையால் நெடுநாள் ஓய்வு என்பது எளிதாயில்லை. 1990 மார்ச்சில் ஜாஸ் வித்துவான் பிரான்போர்ட் மார்ஸாலிஸுடன் சேர்ந்து உயிர்த்துடிப்போடு வாசித்த அதே குழுவில், பியானோவும் ஆர்கனும் வாசித்த பிரெண்ட் மிட்லண்ட் அவ்வாண்டு ஜூலையில் மருந்து மிகையால் மாண்டார். கார்ஸியாவும் பழைய பழக்கத்தை முற்றும் விடமுடியாமல் விடுவதும் வீழ்வதுமாகக் காலங்கழித்தார்.

1995 ஜூலை 9-ஆம் நாள் சிக்காகோ நகரில் நடந்ததே கடைசிக் கச்சேரி. அதன் பதிவில் விரல்கள் தடுமாறுகின்றன. பல இடங்களிற் கேட்கவே வருத்தமாயிருக்கின்றது. ஆயினும், ஸோ மெனி ரோட்ஸ் என்னும் பாட்டின் முடிவில், வந்த வழிகளையெல்லாம் எண்ணி இளைத்த ஒரு முதியவரின் குரலில் அவர் திரும்பத் திரும்ப இறைஞ்சிப் பாடும்பொழுது, 1969-இன் இளைஞர் கனவிலும் எட்டியிராத ஓரிடத்தை எட்டுகின்றார். சரியாக ஒரு திங்கள் கழித்து, ஆகஸ்டு 9-ஆம் நாள், மருந்துப் பழக்கத்தை விடும்பொருட்டுச் சேர்ந்திருந்த மருத்துவ விடுதியில் இருதயம் நின்று காலமானார். வயது ஐம்பத்துமூன்றே. 1996 ஏப்ரலில் அவர் மனைவியாரும் பாப் வியரும் அவருடைய சாம்பலில் ஒரு பகுதியை நம் நாட்டிற்குக் கொணர்ந்து ரிஷிகேசத்தில் கங்கையிற் கரைத்தனர். எஞ்சியது அவர் பிறந்த ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் விரிகுடாவிற் கரைக்கப்பட்டது.

முடிவுரை

தம் தோல்விகளைப் பதிவு செய்ய அவர் இடங்கொடாமல் இருந்திருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். அவ்வாறு செய்திருப்பின் நமக்கு எஞ்சுவது சில நல்ல இசைத்தட்டுக்களே. அவற்றை நாம் வியப்போம். ஆயின் அம்மனிதரை அறியோம். ஒக்லண்ட் இரவின் மகிழ்ச்சி, அதற்கு முந்திய இருண்ட இரவுகளைக் கேட்டவர்க்கே முழுதும் விளங்கும். சிக்காகோவின் இறைஞ்சுதல், வெனீட்டாவின் வெயிலைக் கேட்டவர்க்கே நெஞ்சில் தைக்கும். போதைப் பழக்கம் எத்தகைய ஆற்றலையும் எவ்வாறு சிறிது சிறிதாய் அரித்துத் தின்னும் என்பதை எந்தப் பிரசங்கத்தினும் தெளிவாக இந்நாடாக்கள் நமக்கு உரைக்கின்றன. வீழ்ந்தவரிடத்தும் அருமையானதொன்று இறுதிவரை அழியாமல் நிற்கும் என்பதையும் அவையே உரைக்கின்றன.

இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பொதுச் சேமிப்பில் இக்கச்சேரிகளுள் ஆயிரக்கணக்கான பதிவுகளை யாவரும் விலையின்றிக் கேட்கலாம். விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது கிடைப்பின், 1969 பிப்ரவரி 27-ஆம் நாளின் டார்க் ஸ்டாரை முதலிலும், 1995 ஜூலை 9-ஆம் நாளின் ஸோ மெனி ரோட்ஸை இறுதியிலும் வைத்துக் கேட்குமாறு நம் மாணவ நண்பரை வேண்டுகின்றோம். எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற விரைய வேண்டா. இரண்டும் ஒருவரே என்பதை உணர்ந்தாற் போதும்.